ஜாலான் டூத்தா, நான்காம் மாடி

'பெருசுஹ்' என்கிறார் அரசு வழக்கறிஞர்.
கலவரக்காரன் என்கிறேன் தமிழில்;
சம்பளம் அதற்குத்தான்.
கூண்டில் செந்தூல் லாரிப் பட்டறை மாவேந்தன்.
மாஜிஸ்திரேட் கேட்பதைக் கேட்கிறேன்:
கையில் இருந்தது கல்லா?
"உப்புங்க. புகை அடிச்சா நாக்குல வெக்க.
பக்கத்துல நின்ன சீனப் பொண்ணு குடுத்துச்சு."

மலாயில் உப்புக்குப் பெயர் காரம்.
காரம் என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.

சாட்சிக் கூண்டில் கான்ஸ்டபிள் லோகசீலன்,
என் மகனோடு படித்தவன்.
புருவத்தில் ஐந்து தையல்.
அதுவும் பொய்யில்லை,
யாரோ எறிந்திருக்கிறார்கள்.

கீழே கடையில்
நீ எந்தப் பக்கம் என்கிறார் ரொட்டி போடுபவர்.
கூட்டத்துக்கும் கும்பலுக்கும் நடுவே
ஒரு சொல் வேண்டும் எனக்கு.
தே ஓ ஆறிக் கிடக்கிறது.
மதியத்துக்கு இன்னும் பதினொரு பேர்.