பொதுச் சுவர்

மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர்
குமாரபாளையத்தில் எங்கள் சந்துக்கு வந்தபோது
விடியக்காலம் மூன்றேகால்.
கல்யாண மண்டபத்தில் ஐந்து நாள்.
யாருடைய முகூர்த்தத்துக்கோ கட்டி
அவிழ்க்காமல் விட்ட வாழை மரத்தடியில்
தட்டோடு நின்று தக்காளிச் சோறு வாங்கினோம்.
ஆறாம் நாள் காவேரி திரும்பிப் போனது,
கொண்டுவந்ததையெல்லாம் எங்களிடமே வைத்துவிட்டு.

பக்கத்து வீட்டுச் செங்கோடனிடம் மட்டும்தான்
மம்பட்டி இருந்தது.
காலையில் அவன், மத்தியானம் நான்.
முழங்கால் சேறு, ஊதிப்போன எலிகள்,
யார் வீட்டுதென்று தெரியாத ஒரு இடது செருப்பு.
நாங்கள் இருவரும் வெறுங்காலோடுதான் அள்ளினோம்.
"உங்கூட்டுச் சேறு எங்கூட்டுதவிட வெளுப்புங்கக்கா"
என்றான்.
அவன் தறியில் பாவு நனைந்து தொங்கியது.

எனக்கு வெள்ளிக்கிழமை குளிர்காய்ச்சல்.
அவனுக்குச் சனி.
கெண்டைக்கால் இரண்டையும்
யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தார்கள்.
நான் பவானி தாண்டி ஈரோட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.
அவன் முதலாளியின் பாவுக்குப்
பதில் சொல்ல வேண்டியிருந்தது.
மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரை, ஒரு டீ.

பதினோரு நாள்
என் மூத்திரத்தை அளந்து சீட்டில் எழுதினார்கள்.
நானூறு. முந்நூற்றைம்பது. மறுபடி நானூறு.
அறுநூறு வந்த அன்று
மகன் வராந்தாவில் போனில் குரலைத் தாழ்த்தினான்:
"இப்பச் சொல்ல வேண்டாம்."
கேட்காதவள்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.
ஆயிரத்தைத் தாண்டியபின் சொன்னார்கள்.
எனக்கு முன்பே தெரியும் என்று
நானும் சொல்லவில்லை.

வெள்ளத்தில் செத்தவர் கணக்கில் அவன் வரமாட்டானாம்.
"தண்ணி வடிஞ்சு பதினஞ்சு நாள் ஆச்சுங்களே"
என்றார் தாலுக்கா ஆபீசுக்காரர்.
பாவாயி சண்டைக்குப் போகவில்லை.
சுவரில் நெஞ்சு உயரத்துக்குப் படிந்திருந்த
சேற்றுக் கோட்டைக் காட்டினாள்.
அவர் டேப் பிடித்து அளந்து
எழுதிக்கொண்டு போனார்.
அதே கோடு சுவருக்குள் புகுந்து
என் வீட்டுக் காலண்டர் வரை ஓடுகிறது.

நேற்றுப் பொழுதோட பாவாயி வந்தாள்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.
மண்டபத்தில் சுகாதாரத்துக்காரப் பொண்ணு
ஆளுக்கொன்றாகக் கொடுத்த அட்டை.
காய்ச்சல் வராமலிருக்க, சோறு உண்டபின் போடச் சொன்னது.
"தார்ப்பொட்டிக்கு அடீல கெடந்துச்சுங்கக்கா.
தேதி இன்னும் இருக்குது.
உங்களுக்கு ஆகுமுங்ளா?"
பத்தும் இருந்தன.
ஆகும் என்று வாங்கிக்கொண்டேன்.
அவள் போனபின்
அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்த என் அட்டையோடு
சேர்த்து வைத்தேன்.
அதிலும் பத்து.
வயிற்றைப் புரட்டும் என்று யாரோ சொன்னார்கள்,
நானும்தான் போடவில்லை.

அவன் தறி ஓடினால்
என் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்கும்.
பத்து மணிக்கு மேல் ஓட்டக்கூடாதென்று
ஒருமுறை வார்டு மெம்பர் வரைக்கும் போனேன்.
இப்போது டம்ளர்கள் வைத்த இடத்தில் நிற்கின்றன.
எடுத்துக் குடிக்கும்போது மட்டும்
என் கையில் நடுங்குகின்றன.
பலவீனம், போகப்போகச் சரியாகும் என்கிறார் டாக்டர்.

மம்பட்டி கதவு மூலையில் சாத்தியிருக்கிறது.
கடைசியாக வாங்கியது நான்.
இலையில் அப்பிய சேறு காய்ந்து
தொட்டால் செதிலாக உதிர்கிறது.
காம்பு வேறு ஆடுகிறது.
கழுவி, ஆப்பு இறுக்கித்
திருப்பிக் கொடுக்க வேண்டும்,
கை நடுங்காத
ஒரு நாள் பார்த்து.