இறக்கம்

எம்.ஆர்.ஐ. படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும்.
வலி தெரியாது.
அதை மறந்துவிட்டுத்தான்
தொலோசா மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
சாயங்காலம் ஆறரை மணிக்கு
கராசி என்பவளின் வலது தொடையை
பார்த்துக்கொண்டிருந்தேன்.

கறுப்புத் துணியில் பால் சிந்தியதுபோல
முன்தொடை முழுக்க வெளிச்சம்,
ஓரமே இல்லாமல்.
தட்டினேன்: தசைக் கிழிசல், முதல் நிலை.
இதைப் படித்து யாரோ அவளிடம்
ஆறு வாரம் ஓடாதே என்பார்கள்.

படமெடுத்த யோசு கதவருகே நின்றான்.
"உட்காரும்போது முனகினாள்,
இரண்டு காலுக்கும் சேர்த்து."

எழுந்து போய்க் கேட்டேன்.

ரொட்டி வண்டி ஓட்டுகிறாளாம்.
ஞாயிறன்று சின்தோக்கி மலையில் பந்தயம்.
ஏறினது ஒன்றுமேயில்லை டாக்டர்,
இறங்கினதுதான்.
மழை, சேறு, வழிவிடாத ஆடுகள்.
முடித்தாயா?
இருபத்தேழாவதாக. ராத்திரி ஆடவும் செய்தேன்.
எப்போது வலித்தது?
திங்கள் காலை லேசாக.
செவ்வாய்க்கிழமை மாடிப்படியில்
பின்பக்கமாக இறங்கினேன், நண்டு மாதிரி.
எந்தக் கால்?
இரண்டும்தான்.
சீட்டில் வலது என்று யார் எழுதினார்களோ!

யோசு இடது காலையும் எடுத்தான்.
அதே பால், அதே சிந்தல்.

போன மாதம் எனாவுட் வந்தான், படகோட்டி.
ஈரப் படித்துறையில் வழுக்கியபோது
பின்தொடையில் 'டப்' என்று கேட்டதாம்.
நின்றிருந்த படி, பிடித்திருந்த கயிறு,
கூவிய கடற்காகம் வரை சொன்னான்.
அவன் படத்தில்
நார்கள் ஓடிவந்து சட்டென நின்றன.
நடுவே இரத்தம் தேங்கிய சிறு குளம்.
அப்பால் அறுந்த முனை,
மேலே சுருண்டு.

கிழிசலுக்குப் பிறந்த நேரம் உண்டு.
உளைச்சல் கடன்காரன்;
விருந்து முடிந்து
இரண்டு நாள் கழித்துத்தான் கதவைத் தட்டுவான்.

"இந்த வெள்ளை எப்போ போகும்?" என்றாள்.
வலி சனிக்கிழமைக்குள் போய்விடும்.
வெள்ளை இன்னும் சில வாரம் இருக்கலாம்.
"வலிக்காமலேயா?"
வலிக்காமலே.
கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்,
தன்னைவிட அழுத்தக்காரி ஒருத்தியைப்
பார்ப்பதுபோல.

போகும்போது
மேட்டுப்பாதையைத் தேர்ந்தெடுத்தாள்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
'கிழிசல்' என்ற சொல்லை அழித்தேன்,
கடைசி எழுத்திலிருந்து
ஒவ்வொரு படியாக,
பின்பக்கமாக.