உவர்க் கணக்கு

பிப்ரவரியில் வயலைக் கழுவுவார்கள்.
பாத்திரம் கழுவுவது போலத்தான்:
வரப்பு மட்டம் தண்ணீர் கட்டி,
உப்பு கரைந்து இறங்கும்வரை காத்திருந்து,
மறுபடி கட்டி,
மறுபடி.
ஏப்ரலில் வெயில் வந்து
இறங்கிய உப்பையெல்லாம்
கையைப் பிடித்து மேலே கூட்டி வரும்.
பருத்தி விதைத்த சாலில் பத்தடிக்கு ஒரு முளை.

சிம்பாய்க்குக் கிழக்கே, கால்வாயின் கடைமடை.
இங்கே வந்து சேர்வதற்குள்
ஏழு ஊர் வயல்களின் வடிகாலைக் குடித்துத்
தண்ணீரே உவர்த்துப் போயிருக்கும்.
போதாதென்று வடக்கே
வற்றிப்போன கடலின் தரையிலிருந்து
காற்று வேறு மூட்டை மூட்டையாய்க் கொட்டும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமென்றால்
பீபிசாதா யாரையென்று நினைப்பாள்?

நான் நூக்குஸ் மண் ஆய்வுக்கூடத்துக்காரன்.
துளைக்கோல், பிளாஸ்டிக் பைகள், கைக்கடக்கமாய் ஒரு மீட்டர்.
முதல்முறை போனபோது என் பையைப் பார்த்துச் சிரித்து
ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தாள்.
"பதினாலு."
மீட்டர் பதினான்கு புள்ளி இரண்டு என்றது.
அந்தப் புள்ளி இரண்டுக்காகத்தான் எனக்குச் சம்பளம்.

அடுத்த பிப்ரவரியில் அவள் கழுவவில்லை.
நாலு ஹெக்டேர்.
மதகுக்காரன் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.
ஆற்றோரப் புதரில் தோண்டிய அதிமதுர வேர்களைச்
சாண் சாணாக நறுக்கிச்
சாலில் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.
பருத்திக் கணக்கெழுதும் எர்போலாத்
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கேட்டான்:
"களையை யாராவது நடுவார்களா?"
"உன் பருத்தியை இந்த மண்
களை அளவுக்குக்கூட மதிக்கவில்லையே."
அக்தாவில் கட்டட வேலை பார்க்கும் கணவன் உத்தெனியாஸ்
போனில் கத்தினான்.
போனை வரப்பில் வைத்துவிட்டு நறுக்கினாள்.
அவன் வரப்போடு பேசி முடித்தான்.

முதல் ஆண்டு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது,
முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் பச்சை,
வெள்ளை மினுங்கும் தரைக்கு ஒரு கிழிந்த நிழல்.
நிழல் விழுந்த இடத்தில்
வெயிலால் உப்பைக் கூப்பிட முடியவில்லை.

இரண்டாம் ஆண்டு ஜூலை. நாற்பத்தைந்து டிகிரி.
பக்கத்து வயல் பருத்தி பிஞ்சுகளை உதிர்த்துக் கைவிரித்தது.
இங்கே வேர்கள் ஆள் உயரத்துக்குக் கீழே போய்
நிலத்தடி நீரைக் குடித்துக் குடித்து
மட்டத்தை ஓரடி இறக்கியிருந்தன.
ஏணியை எடுத்துவிட்டால்
உப்பு எப்படி ஏறும்?
(அறிக்கையில் இதை வேறு மாதிரி எழுதினேன்.)

மூன்றாம் ஆண்டு செம்மறிக் கிடை போட்டாள்.
என் மாதிரிப் பை ஒன்றில் ஒரு மண்புழு நெளிந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
திரும்ப விட்டுவிட்டேன்.

பிறகு லாரியோடு வேர் வியாபாரி வந்தான்,
மருந்துக்கு, மிட்டாய்க்கு என்று.
நல்ல விலை.
வட்டிக்காரனும் அதே வாரம் வந்தான்.
மேற்குப் பாதியைத் தோண்ட விட்டாள்.
ஆழக் கிளறிய அந்தப் பாதியில்
அதே ஏப்ரலில் வெள்ளை பூத்தது.
அவள் எதுவும் சொல்லவில்லை.
நாணலை அறுத்துப் போர்த்தத் தொடங்கினாள்.

நேற்று தோண்டாத பாதியில் கோலை இறக்கினேன்.
மண் கறுப்பாய், புட்டு போல உதிர்ந்தது.
"எவ்வளவு?" என்றேன்.
நாக்கில் வைத்தாள்.
யோசித்தாள். மறுபடி வைத்தாள்.
"தெரியவில்லை."
"உப்பு போய்விட்டதா?"
"காலையிலிருந்து வேர் மென்றுகொண்டிருக்கிறேன்.
இந்த நாக்கை நம்பாதே."

மீட்டர் ஆறு புள்ளி ஐந்து என்றது.
கோதுமைக்கு அது விளிம்பு.
வேலை தொடங்கிய இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக
நானும் ஒரு சிட்டிகை வைத்துப் பார்த்தேன்.
உவர்ப்பு இருந்தது.
சொல்லத் திரும்பினால் ஆள் இல்லை,
மேற்குப் பாதிக்கு
நாணல் கட்டொன்று நடந்து போய்க்கொண்டிருந்தது.