மூன்று அலைக்குறி

இரவு பதினொன்றரை. ஜம்பட்டா வீதியில்
கடைசிக் கொத்துக் கடையும் தகட்டைத் தட்டி ஓய்ந்தாயிற்று.
மெல்பனில் இமெல்டா அக்காவுக்கு விடியற்காலை ஐந்து ஆகப்போகுது.
வேலைக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலம்
சதுரப் புல்லும் சதுரச் சூரியனும் உள்ள எங்கள் காணிக்கு வருவாள்.

அதற்குள் ஒரு கிளி வேண்டும்.
பச்சைக் கிளி, தலைக்கு மேல் அவள் முழுப்பெயர்.
பிறந்தநாள்.

சாய்கோடு போட்டு அழைத்தேன்.
மூன்று அலைக்குறி: நான் நிற்கிற இடத்தில் என்று அர்த்தம்.
சுருள் அடைப்பு, மேற்கோள், பெயர், மேற்கோள், மூடு.
சிவப்பில் வந்தது பதில், வாலில் ஒரு சின்ன அம்பு:
பிழை இங்கே.

காற்புள்ளியைப் பார்த்தேன். முக்காற்புள்ளியைப் பார்த்தேன்.
துறைமுகத்தில் கொள்கலன் எண்ணுகிறவன் நான்;
திறந்தவை எத்தனை மூடியவை எத்தனை என்று
இரண்டு தரம் எண்ணினேன். கணக்குச் சரி.
அம்பு அசையவில்லை. அது காட்டியது
டி'ரோஸாரியோவில்
டி-யின் தோளில் தொங்குகிற ஒற்றைக் கொம்பை.

கொசுக்கால் அளவுதான் அது.
மேற்கோள் முடிந்ததென்று நினைத்து
டி-யோடு கதவைச் சாத்திவிட்டது இயந்திரம்.
ரோஸாரியோ வெளியே நிற்கிறது.

எங்களுக்கு இது புதிதல்ல.
கடவுச்சீட்டில் ஒட்டிக் கிடக்கிறோம்,
வங்கிப் புத்தகத்தில் பிரிந்து கிடக்கிறோம்.
அப்பாவின் சேமலாப நிதிக்காக அம்மா
நாரஹேன்பிட்டிக்கு ஏழு தரம் பஸ் ஏறினா.
பெயர் பிழை, பெயர் பிழை என்றார்கள்.
எங்கே என்று ஒருவரும்
அம்பு போட்டுக் காட்டவில்லை.

இங்கே மருந்து லேசு.
கொம்புக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு.
வரிசையில் முதுகு கொடுத்து நின்று
'இவன் எங்கட ஆள், உள்ளே விடு' என்கிற மாதிரி.
கிளி வந்தது.

அதோடு நின்றிருக்கலாம்.
ஒன்று போதாதென்று அதே வரியைக் கட்டளைப் பெட்டியில் போட்டு
'மீண்டும் மீண்டும்' என்பதைத் தெரிவு செய்தேன், மடையன்.
தேத்தண்ணி எடுத்துக்கொண்டு திரும்பினால்
நானூறு இமெல்டா டி'ரோஸாரியோ!
கூரையில், கரும்பில், மாட்டின் முதுகில்,
ஒருத்தி தலையில் ஒருத்தி.
திரை திக்கித் திக்கி நகர்ந்தது.

பெட்டியை உடைத்தேன்.
மெல்பனில் ஐந்து. அவசரம்.
கொல், எல்லா உயிரையும், என்று அடித்தேன்.
'வகை: கிளி' என்கிற சதுர அடைப்பை
எழுத மறந்தேன்.
சிவப்பு வரவில்லை. அம்பு வரவில்லை.
ஒரு குற்றமும் இல்லாத வரி.

ஆடு ஐந்து.
மாடு.
மீன் கொடுத்துக் கொடுத்து
எட்டு மாதத்துக்கு முன் அவள் வசப்படுத்திய
வரிப்பூனை லொக்கு.
நான்.
சரியாக அந்த நொடியில் உள்ளே நுழைந்த அக்கா.

ஹெட்போனில் முதலில் அவள் கேத்தல் கொதிக்கிற சத்தம்.
'டேய். லொக்கு எங்க?'

அடைப்பைப் பற்றிச் சொன்னேன். கிளியைப் பற்றிச் சொன்னேன்.
கேத்தல் தானாக அணைந்தது.
'நானூறும் என்ட பேரோடயா செத்தது?'
'ஓம். இறகு மட்டும் கிடக்கு. நிறைய.'
அவள் சிரிக்கிறாளா என்று தெரியவில்லை,
கோடு அறுந்து அறுந்து வந்தது.

பூனைக்கொரு வரி எழுதி,
கொம்புகளுக்கெல்லாம் முதுகு கொடுத்து, அனுப்பினேன்.
நான் அடித்தால் என் காலடியில் வரும்.
அவள் அடித்தால் அவள் காலடியில்.
எழுத்து ஒன்றுதான்; அலைக்குறிக்குத் தெரியும்
யார் எங்கே நிற்கிறார்கள் என்று.

அவள் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.
ஒவ்வொரு தட்டும் எனக்குக் கேட்டது.
'வரேல்லடா.'
'சிவப்பா?'
'சிவப்பு.'
'அம்பு எங்க காட்டுது?'

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அவள் பக்கத்தில் ஏதோ பறவை கத்தியது,
விளையாட்டில் அல்ல, வெளியே.

'இங்க' என்றாள்.