புள்ளி

எங்கள் பக்கம் புள்ளி என்றால்
கல்யாணம் ஆன ஒரு சோடி,
கோயில் கணக்கில் ஒரு வரி.
அந்தக் கணக்கில் நான் இன்னும் இல்லை.
என் மேசையில் புள்ளி என்றால்
இரண்டு நிக்கல் கம்பிகள் தொட்டுக்கொள்ளும் இடம்.
நாலைந்து அணு. அதற்குமேல் போனால் வீண்.

பச்சைக் கரைசலில் இரவில்தான் வளர்ப்பேன்.
கோவிலூர் சாலையில் லாரி போனால் அறுந்துவிடும்.
ராமேஸ்வரம் வண்டியும் போய்
காரைக்குடி அடங்கியபின்
மறுபடி முதலிலிருந்து.

இந்தக் கம்பியின் அணுக்கள் கிழக்கே பார்க்க
அந்தக் கம்பியுடையவை மேற்கே பார்க்க
நடுவில் நிற்கிறது காந்தச் சுவர்.
செங்கல் இல்லை, காரை இல்லை,
வெறும் திரும்புதல்.
சுவர் அகலமென்றால் மின்னணு
நடந்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு
அந்த வீட்டு ஆளாகவே வெளியே வரும்.
புள்ளிக்குள் அதை நெருக்கிவிட்டால்
திரும்ப நேரமில்லை,
முட்டும்.
அந்த முட்டலை ஓமில் எண்ணத்தான்
எனக்குச் சம்பளம்.

மாசியில் ஒரு புதன்கிழமை
காந்தச் சுருளை முடுக்கியதும்
தடை மூன்று மடங்கு எகிறியது.
அணைத்தேன், இறங்கியது.
பதினேழு தடவை.
செக்காலை ரோட்டுக் கடையில் அன்று
ஒரு பரோட்டா கூடுதலாகத் தின்றேன்,
யாரிடமும் சொல்லாமல்.

இளையான்குடி ரஃபியா வரைபடத்தைப் பார்த்தாள்.
பாராட்டுவாள் என்று நின்றேன்.
"கம்பி அசையுதான்னு பாத்தியாடி?"

நிக்கல், காந்தம் பட்டால் சுருங்கும்.
லட்சத்தில் மூன்று பங்கு.
நமக்கு அது ஒன்றுமில்லை,
அணுவுக்கு ஊர்விட்டு ஊர் போவது.
சுவர் முட்டியதென்று நான் எண்ணியது
கம்பி கையை விட்டதாக இருக்கலாம்.

அரால்டைட் குழைத்துக்
கண்ணாடித் தகட்டில் இரண்டையும் ஒட்டினோம்.
காய ஒரு நாள். நடுவில் கரண்ட் வேறு போனது.
சுருளை முடுக்கினேன்.
முள் சோம்பலாக ஏறி நின்றது.

மூன்று மடங்கு காணோம்.
மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தைத்
திரும்பக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன்,
நாலு வரி, மன்னிப்பு ஒரு வரி.
ரஃபியா கரைசலைக் கொட்டப் போனாள்.
"இருக்கட்டும்" என்றேன்.

நோட்டில் இன்று எழுதியது:
இரண்டு சதம்.
கூடக்குறைய ஒன்றரை.

மிச்சம் அந்த அரை சதத்தில்
சுவர் இருந்தாலும் இருக்கும்.
வெளியே லாரி வருகிறது.