மூன்று முறை கழுவவும்

பேராதனையிலிருந்து வந்த மின்னஞ்சல்
மரியாதையாகத்தான் தொடங்கியது.
உங்கள் கட்டுரையில் உள்ளபடியே செய்தோம்,
நான்கு தடவை செய்தோம்,
உங்களுக்குக் கரைந்த படலம்
எங்களுக்குக் கரையவில்லை.
கீழே பெயர்: விதுர்ஷா.

பம்பலப்பிட்டியில்
கடற்கரை ரயில் பாதைக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே
எங்கள் ஆய்வுகூடம்.
ஜன்னல் கொண்டியில் எப்போதும் உப்புப் பூத்திருக்கும்.
அன்று தேநீரை ஆறவிட்டு
என் கட்டுரையை
வேறொருத்தி எழுதியதுபோல் வாசித்தேன்.

"குழிகளை மூன்று முறை கழுவவும்."

நான் எழுதிய வசனம்தான்.
நீர் இருக்கிறது அதில், எண்ணிக்கை இருக்கிறது,
கை இல்லை.

தொண்ணூற்றாறு குழிகள் ஒரு தட்டில்.
பற்றீரியா ஓரிரவில் சுவரில் ஒட்டி
தன்மேல் தானே பசை பூசிக்கொள்ளும்.
ஒட்டாமல் மிதப்பதைக் கழுவி ஊற்றிவிட்டு
ஊதாச் சாயம் விட்டு
எவ்வளவு ஊதா என்று அளப்போம்.
ஊதா குறைந்தால் மருந்து வென்றது.
அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சஃப்ரினாவிடம் கேட்டேன், நீ எப்படிக் கழுவுவாய்?
"வுழூ செய்யிற மாதிரி, அவசரப்படாம, மூண்டு தரம்"
என்று சிரித்தாள்.
நான் அரிசி களைகிறவள்:
ஒரு மணியும் போகாமல்
தண்ணீரை மட்டும் சரித்து விடுவேன்.
பியுமி தட்டைக் கவிழ்த்து
கடதாசியில் படார் படாரென்று அடிப்பாள்.
அந்தச் சத்தத்தை
இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு குறிப்புக் கொப்பிகள்.
ஏழுக்கு நடுவில் கோடு போடுபவள் பியுமி மட்டும்.
மருந்து விட்ட தட்டுகளின் பக்கங்களில்
எல்லா ஏழுக்கும் கோடு.
மருந்தில்லாத தட்டுகளின் பக்கங்களில்
என் மொட்டை ஏழுகள்.
யாரும் ஏமாற்றவில்லை.
வெள்ளிக்கிழமைகளில் எனக்கு விரிவுரை இருந்தது,
அவ்வளவுதான்.

ஒரு காலை, ஒரே கலம்,
ஒரே பெட்டியிலிருந்து மூன்று தட்டு.
எதிலும் ஒரு சொட்டு மருந்து இல்லை.
மூவரும் அவரவர் பழக்கப்படி கழுவினோம்.
எனக்கு 1.14.
சஃப்ரினாவுக்கு 0.87.
பியுமிக்கு 0.39.

மருந்து இல்லாமலே
மருந்து வேலை செய்தது.

பியுமி அழுவாள் என்று நினைத்தேன்.
அவள் போனை எடுத்து
என் கையைப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.
பிப்பெற்றின் நுனி எங்கே தொடுகிறது,
தட்டு எத்தனை பாகை சாய்கிறது,
நீர் வடிய எத்தனை விநாடி.
எனக்கே தெரியாத என் மணிக்கட்டை
மூன்று பேரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

அந்த ஒரு வசனம் ஏழு பக்கமானது.
ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும்,
அவற்றில் வெறும் நீர் விடுக.
சாயம் எந்தப் போத்தல், என்று திறந்தது.
கரண்ட் போய் வந்தால் நேரத்தைக் குறி.
மருந்துள்ளது எது, இல்லாதது எது என்று
கழுவுகிறவளுக்குத் தெரியக்கூடாது.
பேராசிரியர் ஏழு பக்கத்தையும் புரட்டிவிட்டு
சமையல் குறிப்பா இது என்றார்.
சமையல் குறிப்பில்கூட
அடுப்பை எவ்வளவு எரிப்பது என்று இருக்கும், சேர்.

இந்தப் பற்றீரியா
பெரியாஸ்பத்திரியில் ஒருவரின் சிறுநீர்க் குழாயிலிருந்து வந்தது.
பெயர் தெரியாது. கட்டில் 22 என்று மட்டும்
குப்பியில் எழுதியிருக்கிறது.
என்றாவது ஒருநாள் அவருடைய வார்டுக்கு
என் ஊதாக் கணக்கை நம்பி
ஒரு மருந்து போயிருக்கும்.

விதுர்ஷாவுக்குப் பதில் எழுத
இரண்டு நாள் எடுத்தது.
உங்களிடம் கரையாததுதான் சரி.
கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்.
ஏழு பக்கமும் ஒரு பெட்டித் தட்டும் அனுப்புகிறேன்,
உங்கள் கையால் கழுவிப் பாருங்கள்.
எண் எதுவானாலும் சொல்லுங்கள்.

இன்று காலை 7.42.
தட்டுகளை எடுத்து வைத்த நேரம்
மருதானைப் பக்கம் போகும் ரயில்
ஒழுங்கைகளைத் தாண்டி மேசைக்குள் வந்தது.
குழிகளில் நீர் மெல்ல நடுங்கியது.
இது எதையாவது மாற்றுமா?
தெரியாது.
ஏழாம் பக்கத்தின் அடியில் எழுதினேன்: ரயில், 7.42.

கையுறையைச் சரிசெய்தபடி பியுமி கேட்டாள்,
கழுவவா?

பொறு,
கடைசிப் பெட்டியும் போகட்டும்.