ஏழாம் ஃபேடர்

ரெஜைனாவில் அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
முன்பு கார்பெட் கடையாயிருந்த எங்கள் அரங்கில்
அறுபத்திரண்டு கதிரை, பன்னிரண்டு விளக்கு.
அவற்றை ஆளத்தான் கன்சோல் இல்லை.
பழையது தைப்பொங்கல் நாடகத்தின் நடுவே
புகைந்து அணைந்தது.
அதை உத்தி என்று நினைத்துக்
கைதட்டினார்கள்.

சுகிர்தா ரோல்ஸ் விற்ற டப்பாவைக் கவிழ்த்தாள்:
ஆயிரத்து நூற்று நாற்பது டாலர்,
ஒரு பஸ் டோக்கன்.
"விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்றாள்
எவரும் கேட்காமலே.

வாகீசனுக்கு வேண்டியது தொடுதிரை,
ஆயிரம் சேனல்,
தலை சுழலும் விளக்குகளுக்குத் தனிப் பக்கம்.
நம்மிடம் சுழலும் தலை ஒன்றுதான்,
அது உன்னுடையது என்றேன்.
நாலாயிரத்து இருநூறு, வரி வேறு.
விலைப்பட்டியலை நாலாய் மடித்துச்
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்,
தட்டிப்போன வரனின் படம் போல.

பிறகு லேப்டாப்.
மென்பொருள் இலவசம், இணைக்கும் பெட்டி இரவல்.
மூன்று இரவு ஒத்திகை, குறை சொல்ல முடியாது.
நான்காம் இரவு
மகனின் உடல்மேல் தாய் குனிகிற நேரம்
திரை தன்னைத் தானே புதுப்பிக்கத் தொடங்கியது.
முப்பத்திரண்டு சதவீதம்.
முப்பத்திமூன்று.
செத்தவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

எனக்கு வேண்டியதைக் கூட்டத்தில் சொல்லத் தெரியவில்லை.
பகலெல்லாம் காப்புறுதி அலுவலகத்தில்
கண்ணாடித் திரையைத் தேய்க்கிற விரல் இது.
இரவில் அதற்கடியில் ஏதாவது நகரவேண்டும்,
கொஞ்சம் எதிர்க்கவும் வேண்டும்.
கண் மேடையில் இருக்க
கைக்குத் தனியாகத் தெரியவேண்டும்:
இப்போது பாதி, இப்போது கால்,
இப்போது அவளுடைய நெற்றி மட்டும்.

மூஸ் ஜாவில் ஒரு பள்ளியை மூடுகிறார்கள் என்று
சனிக்கிழமை காரை எடுத்தேன்.
வழியெல்லாம் பனி ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது,
அவசர வேலை இருப்பதுபோல.
பள்ளிக் காவலர் கோவல்சுக்
உடற்பயிற்சிக் கூடத்தின் விளக்கைப் போட்டார்.
மல்யுத்தப் பாய்களின்மேல் கிடந்தது கன்சோல்:
இருபத்துநாலு ஃபேடர்,
அடியில் நீளமாய் ஒட்டிய டேப்பில்
யாரோ ஒரு பிள்ளையின் எழுத்து.
ராணி. மழை. கதவு. இன்னும் மழை.
ஏழுக்குக் கீழே மட்டும்: தொடாதே.

தொட்டேன்.
மற்றவை எண்ணெய் பூசியதுபோல் இறங்க
ஏழு மட்டும் பத்தில் நின்று அடம் பிடித்தது.
தொள்ளாயிரம் என்றவர்
என் விரலைப் பார்த்து எண்ணூறு என்றார்.
நான் ஏழைத் திரும்ப ஒருமுறை தள்ளிக் காட்டினேன்.
அறுநூற்றைம்பது.
கேபிளுக்கு இருபது தனியாக வாங்கிக்கொண்டார்,
அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் டிம்மரோடு கதைக்குமா என்பதுதான் பயம்.
இதற்கு ஐந்து முள், அதற்கு மூன்று.
பதினெட்டு டாலர் அடாப்டர் ஒன்று
நடுவில் நின்று மொழிபெயர்த்தது.
இருபத்துநாலில் பன்னிரண்டு போதுமென்பதால்
ஏழை வெறுமையாய் விட்டேன்.
டேப்பையும் உரிக்கவில்லை.
மிச்சக் காசை சுகிர்தா பல்புக்கென்று
வேறு டப்பாவில் போட்டுப் பூட்டினாள்.

முதல் காட்சி. நாற்பத்தொரு பேர்.
தாய் குனிந்தாள்.
மழையை இறக்கினேன், கதவை இறக்கினேன்,
ராணியை மட்டும் நகக்கண்ணளவு விட்டுவைத்தேன்.
தோளுக்குப் பின்னால் வாகீசன்
"இன்னும் மெதுவாக" என்றான்,
மூச்சால்.
யாரோ கோட்டுக்குள் இருமலை அமுக்கினார்கள்.
வாசலில் சுகிர்தா ரோல்ஸ் எண்ணுவதை நிறுத்தியது
எனக்குக் கேட்டது.

பிறகு முழு இருட்டு.
வெளியேறும் வழிப் பலகையின் சிவப்பைத் தவிர.
அதற்கு எவரிடமும் ஃபேடர் இல்லை.